பொதுவாழ்வில் ஒரு பொதுநிலையினர்: சர் ஏ. டி. பன்னீர்செல்வம்

ஈரோட்டுக்கு ஜவுளி விஷயமாகப் போய்வரும் நம் ஊர்க்காரர்களுக்குப் பன்னீர்செல்வம் பூங்கா என்ற பெயர் நன்கு பழக்கமானது. பஸ்ஸை விட்டு இறங்கும் இடமாகவும், ஜவுளிச் சந்தைக்கு வழி கேட்கும்போது சொல்லும் அடையாளமாகவும் அப்பெயர் எல்லோர் நாவிலும் புரள்கிறது. ஆனால் அந்தப் பன்னீர்செல்வம் யார் என்று கேட்டால் விடை சொல்லக்கூடியவர் சிலரே. அவர் ஒரு கத்தோலிக்கர் என்று சொன்னால் வியப்படைவோர் பலராக இருப்பர்.

அன்னார் ஆரணியில் பிறந்தவரல்லர். காவிரி பாயும் தஞ்சைத் தரணியின் மைந்தர். ஆயினும் நம் பங்கின் ஜூபிலி மலரில் அவருக்கு ஓரிடம் தருவது முற்றும் தகும். பத்து வீட்டுக்கு ஒரு வீடாக, பல தெருக்களுக்கு ஒரு தெருவாக வாழ்கிற நம் போன்ற கிறிஸ்தவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு கேள்வி இருந்து வருகிறது. கோவில், பள்ளி, கல்லறை என்று நம் காரியத்தை நாம் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவதா? அல்லது ஊர்க் காரியத்திலும் நாட்டுக் காரியத்திலும் இறங்கித் தோள் கொடுப்பதா? இக்கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்தவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம். நகராட்சியில் தொடங்கி, ஜில்லா போர்டு, சட்டசபை, மந்திரி சபை என்று படிப்படியாக உயர்ந்து, கடல் கடந்த பணிக்குப் புறப்பட்டுப் போகும் வழியில் 51 ஆம் வயதில் மறைந்த அவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நினைவு கூர்வோம்.

பிறப்பும் கல்வியும்

1888 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1 ஆம் நாள், அன்றைய தஞ்சை ஜில்லாவில், பெரும்பண்ணையூரை அடுத்த செல்வபுரத்தில் பன்னீர்செல்வம் பிறந்தார். அப்பகுதி இப்போது திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துக்கள் ஆரோக்கியசாமி, தாமரைச்செல்வம் என்னும் பெயர்களைக் குறிக்கும். நிலபுலன்கள் உள்ள கத்தோலிக்கக் குடும்பம். வேளாங்கண்ணித் தாயை நாடிச் சாதி மதம் பாராமல் மக்கள் நடந்து போகிற நாடு அது. கோவில் மணியும் தேவாரப் பண்ணும் ஒரே காற்றில் கலந்து வருகிற அந்த மண்ணில் வளர்ந்தவருக்கு, அண்டை வீட்டார் வேறு மதத்தினர் என்பது ஒரு வேற்றுமையாகவே தோன்றியிராது.

இந்நாட்டுப் படிப்பை முடித்த பின் அவர் இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று பாரிஸ்டரானார். அக்காலத்தில் கப்பலேறிச் சென்று பாரிஸ்டர் பட்டத்தோடு திரும்புகிறவருக்குப் பணமும் செல்வாக்கும் தாமாக வந்து சேரும். அவர் விரும்பியிருந்தால் தஞ்சையில் வக்கீல் தொழிலைப் பார்த்துக்கொண்டு, நெல் விளையும் நிலத்தையும் கவனித்துக்கொண்டு, ஒரு குறைவுமின்றிக் காலம் தள்ளியிருக்கலாம். அவரோ தெருவிளக்கும் சாக்கடையும் குடிநீரும் பற்றிப் பேசுகிற நகராட்சி மன்றத்துக்குச் சென்று அமர்ந்தார். தஞ்சை நகராட்சியின் தலைவராகவும் விளங்கினார்.

சத்திரத்துச் சோறு

நகராட்சிக்குப் பின் அவர் வகித்தது தஞ்சை ஜில்லா போர்டின் தலைவர் பதவி. 1920 களின் நடுவில் தொடங்கிச் சில ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். ஜில்லா போர்டு என்றால் என்னவென்று இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது. ஒரு மாவட்டத்தின் சாலைகள், பாலங்கள், ஆஸ்பத்திரிகள், பள்ளிக்கூடங்கள் ஆகியவற்றைப் பேணுகிற பொறுப்பு அந்நாளில் அதனிடம்தான் இருந்தது. 1920 ஆம் ஆண்டின் ஸ்தல ஸ்தாபனச் சட்டத்துக்குப் பின் அதில் மக்கள் பிரதிநிதிகளின் கை ஓங்கிற்று. மக்களின் அன்றாட வாழ்வைத் தொடுகிற அதிகாரம் மந்திரிகளைக் காட்டிலும் ஜில்லா போர்டுத் தலைவர்களுக்கே மிகுதியாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

தஞ்சை ஜில்லா போர்டுக்கு மற்ற ஜில்லாக்களுக்கு இல்லாத ஒரு தனிச் சொத்து உண்டு. தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் போகும் யாத்திரீகர்களுக்காக வழிநெடுகச் சத்திரங்கள் கட்டி, அவற்றுக்கு ஏராளமான நிலங்களை எழுதி வைத்திருந்தார்கள். ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ் பெற்றது. சத்திரங்களில் சோறு போட்டதோடு கல்வியும் கற்பித்தார்கள். 1855 இல் தஞ்சை அரசு முடிவுற்றது. அதற்குப் பின் சத்திரங்களும் அவற்றின் வருமானமும் அரசின் கைக்கு வந்து, பிறகு ஜில்லா போர்டின் மேற்பார்வைக்கு மாறின.

ரயில் வந்தபின் கால்நடையாக இராமேசுவரம் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். நிலத்து வருமானமோ குறையவில்லை. அதை எதற்குச் செலவிடுவது என்பதுதான் கேள்வி. திருவையாற்றில் அந்த அறத்தைக் கொண்டு ஒரு சமஸ்கிருதக் கல்லூரி நடந்து வந்தது. அங்கே உண்டும் உறைந்தும் படிக்கிற வாய்ப்பு ஒரு வகுப்பாருக்கே உரியதாய் இருந்தது. சாகுபடி செய்கிறவனின் பிள்ளைக்கும் கூலிக்காரனின் பிள்ளைக்கும் அங்கு இடமில்லை. தமிழ்நாட்டின் நடுவில் இருந்த அக்கல்லூரியில் தமிழுக்கும் இடமில்லை.

பன்னீர்செல்வம் இதை மாற்ற முனைந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவரான த. வே. உமாமகேசுவரனார் அவருக்குத் துணை நின்றார். அறம் செய்த மன்னன் ஒரு மொழிக்கென்றோ ஒரு குலத்துக்கென்றோ அதைச் செய்தானா என்ற வினா எழுந்தது. முடிவில் திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ்ப் புலவர் வகுப்பும் தொடங்கப்பட்டு, எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் அது திறந்துவிடப்பட்டது. அங்கிருந்து புலவர் பட்டத்தோடு வெளிவந்தவர்கள் ஊர் ஊராகத் தமிழாசிரியர்களாகச் சென்றார்கள். ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் சத்திர வருமானத்தைக் கொண்டு ஏழை மாணவர் விடுதிகள் அமைந்தன. பின்தங்கிய வகுப்புப் பிள்ளைகள் இலவசமாக உண்டு தங்கி உயர்நிலைப் பள்ளியில் படிக்க அவை வழி செய்தன. தட்டில் விழுந்த அந்தச் சோறு எத்தனையோ குடும்பங்களின் தலைவிதியைத் திருத்தி எழுதியது.

இதில் நாம் கவனிக்கத் தக்க ஒன்று உண்டு. அறம் செய்தவர்கள் இந்து மன்னர்கள். அதை மேற்பார்க்க வந்தவர் ஒரு கத்தோலிக்கர். அந்த விடுதிகளால் பயன் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்களின் பிள்ளைகள். தம் சமூகத்துக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிக்கொள்வதற்காக அவர் அந்த மாற்றத்தைச் செய்யவில்லை. நம் ஊருக்கு அருகிலுள்ள திருமலைக் குன்றை எண்ணிப் பாருங்கள். அங்கே சோழ இளவரசி குந்தவையின் பெயர் தாங்கிய சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. இராசேந்திர சோழனின் புகழ் பெற்ற கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. சிவனை வணங்கிய தஞ்சைச் சோழர் குலம் அருகனுக்கும் அறம் செய்தது. பிறர் சமயத்தார் நலனையும் தம் பொறுப்பாகக் கொள்ளும் அந்தப் பழைய தஞ்சை மரபு, சில நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு கிறிஸ்தவர் வழியாகவும் வெளிப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

நீதிக் கட்சியில்

1916 இல் சர் பிட்டி. தியாகராயர், டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் சி. நடேச முதலியார் ஆகியோர் தொடங்கிய தென்னிந்திய நலவுரிமைச் சங்கம், அதன் ஆங்கில நாளிதழின் பெயரால் ஜஸ்டிஸ் கட்சி என்றும் தமிழில் நீதிக் கட்சி என்றும் அழைக்கப்பட்டது. கல்வியிலும் உத்தியோகத்திலும் எல்லா வகுப்பாருக்கும் பங்கு வேண்டும் என்பது அதன் கோரிக்கை. 1920 ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று ஆட்சி அமைத்த அக்கட்சி, மறு ஆண்டு வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது. அரசு உத்தியோகங்களில் பிராமணர், பிராமணரல்லாதார், முஸ்லிம்கள், இந்தியக் கிறிஸ்தவர் முதலிய பிரிவினருக்குப் பங்கு தருவது அதன் நோக்கம்.

பன்னீர்செல்வம் இக்கட்சியில் சேர்ந்து அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவரானார். மாகாணச் சட்டசபையின் உறுப்பினருமானார். ராவ் பகதூர் பட்டமும், பின்னர் சர் பட்டமும் அவரைத் தேடி வந்தன. அக்காலச் சட்டசபை இன்றையதைப் போன்றதன்று. 1919 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னைச் சட்டசபையில் 132 பேர் இருந்தார்கள். அவர்களில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மற்றவர்கள் நியமனம் பெற்றவர்கள். வரி கட்டுகிறவர்களுக்கும் சொத்துள்ளவர்களுக்குமே வாக்குரிமை. தேர்ந்தெடுக்கப்படும் இடங்களில் 5 இடங்கள் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு உரியவை. அவற்றுக்குக் கிறிஸ்தவர்களே வாக்களிப்பார்கள்.

வட்டமேசை மாநாடு

இந்தத் தனித்தொகுதி முறை நீடிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் 1930 க்குப் பிறகு கிறிஸ்தவர்களைப் பிரித்த பெரிய கேள்வி. இந்தியாவின் அரசியல் எதிர்காலத்தைப் பற்றிப் பேச லண்டனில் வட்டமேசை மாநாடுகள் கூட்டப்பட்டன. காந்தியடிகள் கலந்துகொண்ட 1931 ஆம் ஆண்டின் இரண்டாவது மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர் சார்பில் டாக்டர் எஸ். கே. தத்தாவும் பன்னீர்செல்வமும் சென்றார்கள்.

இருவரும் ஒரே கருத்தினர் அல்லர். பஞ்சாபிலிருந்து வந்த தத்தா, கிறிஸ்தவர்கள் தனித்து நிற்காமல் பொதுத் தொகுதியிலேயே கலந்து நிற்க வேண்டும் என்ற கொள்கையுடையவர். முதல் மாநாட்டுக்குச் சென்று வந்த சேலத்துக்காரரான கே. டி. பாலும் அக்கருத்தினரே, அவர் 1931 இல் காலமானார். பன்னீர்செல்வமோ, எண்ணிக்கையில் சிறிய சமூகம் பொதுத் தொகுதியில் நின்றால் அதன் குரல் சபைக்குள் எட்டாமலே போய்விடும் என்று கருதினார். அவ்வாண்டு நவம்பரில் சிறுபான்மையோர் ஒன்றுகூடி ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். முஸ்லிம்கள் சார்பில் ஆகாகான், தாழ்த்தப்பட்டோர் சார்பில் டாக்டர் அம்பேத்கர், ஆங்கிலோ இந்தியர் சார்பில் சர் ஹென்றி கிட்னி, ஐரோப்பியர் சார்பில் சர் ஹூபர்ட் கார் ஆகியோருடன் இந்தியக் கிறிஸ்தவர் சார்பில் பன்னீர்செல்வமும் அதில் கையெழுத்திட்டார். காந்தியடிகள் அதை ஏற்கவில்லை.

1935 ஆம் ஆண்டு இந்திய அரசியல் சட்டத்தில் தனித்தொகுதி முறை இடம் பெற்றது. புதிய சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 8 இடங்கள் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும், அவையன்றி ஓரிடம் இந்தியக் கிறிஸ்தவப் பெண்மணிக்கும் ஒதுக்கப்பட்டன.

பன்னீர்செல்வம் செய்தது சரியா என்று இன்றும் வாதிக்கலாம். சுதந்திரம் வந்தபின் வரலாறு வேறு வழியில் சென்றது. அரசியல் நிர்ணய சபையில் இருந்த எச். சி. முகர்ஜி, லயோலா கல்லூரியின் முன்னாள் அதிபரும் இயேசு சபைக் குருவுமான ஜெரோம் டிசூசா அடிகள் முதலியோர் கிறிஸ்தவர்களுக்குத் தனி இடம் வேண்டாம் என்ற முடிவுக்கு இசைந்தார்கள். சமய அடிப்படையில் இடம் ஒதுக்கும் முறை 1949 இல் கைவிடப்பட்டது. 1952 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சொத்து, வரி என்ற தடைகள் இன்றி வயது வந்த அனைவரும் ஒரே பட்டியலில் வாக்களித்தார்கள். எனினும் அன்று, சொத்துள்ளவனுக்கே வாக்கு என்றிருந்த நாளில், ஏழைகளே மிகுந்த ஒரு சிறு சமூகத்தின் பிரதிநிதிக்கு இருந்த அச்சத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அதைவிட முக்கியமானது, தனித்தொகுதி வழியே கிடைத்த இடத்தைக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதே.

மந்திரி பதவியும் தேர்தல் தோல்வியும்

1934 இல் பன்னீர்செல்வம் சென்னை கவர்னரின் நிர்வாக சபையில் உள்துறை உறுப்பினரானார். போலீஸ், சிறை, சட்டம் ஒழுங்கு ஆகியவை அப்பொறுப்பைச் சேர்ந்தவை. தேசியவாதிகள் சிறை சென்ற காலத்தில் வெள்ளையர் ஆட்சியில் உயர்பதவி வகித்தவர் என்ற குறை அவர்மீது சொல்லப்படுவதுண்டு. அது நீதிக் கட்சியினர் அனைவர் மீதும் சொல்லப்பட்ட குறையே. அந்நிய ஆட்சி போகுமுன் உள்ளூர் அநீதி போக வேண்டும் என்று அவர்கள் எண்ணினார்கள். அதில் நியாயமும் இருந்தது, நஷ்டமும் இருந்தது. நாட்டு மக்களின் மனம் எந்தப் பக்கம் போயிற்று என்பதை 1937 ஆம் ஆண்டுத் தேர்தல் காட்டிவிட்டது.

அத்தேர்தலில் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரஸ் கைப்பற்றியது. நீதிக் கட்சித் தலைவர்கள் பலர் மண்ணைக் கவ்வினர். கட்சித் தலைவரும் முதலமைச்சருமாயிருந்த பொப்பிலி அரசரே வி. வி. கிரியிடம் தோற்றார். அந்தப் புயலில் சாயாமல் நின்ற சிலருள் பன்னீர்செல்வமும் ஒருவர். காங்கிரஸ் உடனே பதவி ஏற்கத் தயங்கியதால் ஏப்ரல் 1 முதல் ஜூலை 14 வரை கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் ஓர் இடைக்கால மந்திரி சபை நடந்தது. அதில் உள்துறையையும் நிதியையும் பன்னீர்செல்வம் ஏற்றார். ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரி சபை அமைந்ததும் அவர் எதிர்க்கட்சி வரிசைக்குச் சென்றார்.

பதவியில் இருக்கும்போது எல்லோரும் தலைவர்களே. கட்சி சிதறி, கூட இருந்தவர்கள் வீட்டுக்குள் ஒதுங்கி, எதிரில் அலை அலையாக ஆளுங்கட்சி அமர்ந்திருக்கும்போது எழுந்து பேசுகிறவனிடம்தான் உண்மைச் சரக்கு இருக்கிறதா என்று தெரியும். பன்னீர்செல்வத்தின் வாழ்வில் அந்தச் சோதனை உடனே வந்தது.

மொழிக்காக எழுந்த குரல்

1938 ஏப்ரல் 21 ஆம் நாள், சென்னை மாகாணத்தின் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கும் ஆணை வெளிவந்தது. தமிழ்நாடு கொந்தளித்தது. மறைமலையடிகள், சோமசுந்தர பாரதியார் போன்ற சைவத் தமிழறிஞர்களும், கடவுளை மறுத்த ஈ. வெ. ராமசாமிப் பெரியாரும், முஸ்லிம் தலைவர்களும் ஒரே மேடைக்கு வந்தார்கள். அந்த வரிசையில் கத்தோலிக்கரான பன்னீர்செல்வமும் நின்றார். வெளியே மறியலும் ஊர்வலமும் நடந்தன. உள்ளே சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியினர் வாதாடினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், கைக்குழந்தையோடு சென்ற பெண்கள் உட்பட, சிறைப்பட்டார்கள். நடராசன், தாளமுத்து என்னும் இரண்டு இளைஞர்கள் 1939 இல் சிறைவாசத்தின்போது நோயுற்று இறந்தார்கள்.

1938 டிசம்பரில் பெரியார் சிறைப்பட்டார். அம்மாதக் கடைசியில் சென்னையில் கூடிய நீதிக் கட்சி மாநாடு, சிறையில் இருந்த அவரையே கட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. வராத தலைவரின் உரையைப் படிக்கும் கடமை பன்னீர்செல்வத்துக்கு வந்தது. மாநாட்டில் தமக்குச் சூட்டப்பட்ட மாலையை அவர் பெரியாரின் படத்துக்கே அணிவித்தார் என்று இன்றும் சொல்வார்கள். மந்திரியாக இருந்தவர், சர் பட்டம் பெற்றவர், பாரிஸ்டர். அவர் விரும்பியிருந்தால் தலைமை நாற்காலியைத் தமக்கே கேட்டிருக்கலாம். ஆனால் மக்கள் பின்னால் வருவது யாருக்கு என்பதை அறிந்து, தம்மினும் பட்டத்தாலும் படிப்பாலும் குறைந்தவருக்கு அவர் வழிவிட்டார்.

கடவுள் இல்லை என்றவரோடு ஒரு கத்தோலிக்கருக்கு என்ன உறவு என்று அன்றும் கேட்டிருப்பார்கள், இன்றும் கேட்பார்கள். பன்னீர்செல்வம் கத்தோலிக்கராகப் பிறந்தார், கத்தோலிக்கராகவே வாழ்ந்தார். பெரியாரும் அவரை அப்படியே ஏற்றுக்கொண்டார். பசித்த பிள்ளைக்குச் சோறும், தாழ்த்தப்பட்டவனுக்குப் படிப்பும், தாய்மொழிக்கு மதிப்பும் வேண்டும் என்பதில் இருவருக்கும் பேதமில்லை. நல்ல காரியத்தில் நல்லெண்ணமுடைய எவரோடும் கைகோக்கலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் திருச்சபை மக்களுக்கு எடுத்துரைத்தது. அதற்கு ஒரு தலைமுறை முன்பே நம் தமிழ்நாட்டுப் பொதுநிலையினர் ஒருவர் அவ்வாறு நடந்து காட்டியிருக்கிறார்.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இந்தியத் தலைவர்களைக் கேளாமலே இந்தியாவைப் போரில் சேர்த்ததைக் கண்டித்து அக்டோபரில் காங்கிரஸ் மந்திரி சபை விலகிற்று. 1940 பிப்ரவரி 21 ஆம் நாள் கவர்னர் எர்ஸ்கின் கட்டாய இந்தி ஆணையைத் திரும்பப் பெற்றார். பன்னீர்செல்வம் அந்த வெற்றிச் செய்தியைக் கேட்டார். அவருடைய வாழ்நாளில் அதற்குப் பின் எஞ்சியிருந்தவை ஒன்பது நாட்களே.

கடைசிப் பயணம்

லண்டனில் உள்ள இந்தியா மந்திரிக்கு ஆலோசகராகப் பன்னீர்செல்வம் நியமிக்கப்பட்டிருந்தார். போருக்குப் பின் இந்தியாவுக்கு என்ன வகை ஆட்சி என்று முடிவு செய்கிற இடத்தில் தமிழர் ஒருவர் இருப்பார் என்று அவர் நண்பர்கள் மகிழ்ந்தார்கள். அந்தப் பதவியை ஏற்க அவர் விமானம் ஏறினார்.

அவ்விமானத்தின் பெயர் ஹனிபால். இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனிக்குச் சொந்தமானது. நான்கு என்ஜின்களும் இரட்டை அடுக்கு இறக்கைகளும் கொண்டது. அந்நாளைய விமானங்கள் ஒரே மூச்சில் நெடுந்தூரம் பறக்கமாட்டா. கராச்சியை விட்டால் பாரசீகக் கரையிலும் அரபிக் கரையிலும் இறங்கி இறங்கித்தான் எகிப்தை அடைய வேண்டும். 1940 மார்ச் 1 ஆம் நாள், பாரசீகத்தின் ஜாஸ்க் என்னும் இடத்திலிருந்து ஷார்ஜாவை நோக்கி ஹனிபால் புறப்பட்டது. இடையில் இருப்பது ஓமன் வளைகுடா. விமானம் ஷார்ஜாவுக்குப் போய்ச் சேரவேயில்லை. விமானிகளும் பயணிகளுமாக அதில் இருந்த எட்டுப் பேரும் கடலில் மாண்டார்கள். விபத்துக்குக் காரணம் இன்னதென்று இன்றளவும் துலங்கவில்லை.

செய்தி கேட்டுத் தமிழகம் கலங்கிற்று. பெரியார் தம் குடி அரசு இதழில் எழுதிய இரங்கல் தலையங்கம் புகழ் பெற்றது. மனைவி நாகம்மையார் மறைந்தபோதும், முதிய தாயார் மறைந்தபோதும் இயற்கை என்று மனத்தைத் தேற்றிக்கொண்ட தம்மால் பன்னீர்செல்வத்தின் பிரிவை அப்படி ஆற்றிக்கொள்ள முடியவில்லை என்று அவர் அதில் புலம்பியிருந்தார். ஈரோட்டுப் பூங்காவுக்கு அமைந்த பெயர் அந்த நட்பின் அடையாளமாகவே நமக்குத் தோன்றுகிறது. திருச்சியிலும் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது.

அவர் விட்டுச் சென்ற பாடம்

பன்னீர்செல்வம் இருந்த கட்சி 1944 இல் சேலத்தில் திராவிடர் கழகமாக உருமாறியது. அவர் வகித்த ஜில்லா போர்டும், நிர்வாக சபை உறுப்பினர் பதவியும், தனித்தொகுதியும் எல்லாம் போய்விட்டன. பட்டங்களும் காலாவதியாகிவிட்டன. எஞ்சி நிற்பது எது? திருவையாற்றில் தமிழ் படித்துப் புலவரான உழவன் மகனும், ஒரத்தநாட்டு விடுதியில் வயிறாரச் சாப்பிட்டு உத்தியோகத்துக்குப் போன ஏழைச் சிறுவனும், அவர்கள் வழிவந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே எஞ்சி நிற்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் யார் என்றுகூடத் தெரியாது.

நம் பங்கைச் சுற்றிப் பார்ப்போம். தறியில் பாவு மட்டும் இருந்தால் சேலையாகாது. ஊடை குறுக்கே ஓட வேண்டும். நம் சமூகம் பாவு போல நீளவாட்டில் தன்போக்கில் போய்க்கொண்டிருந்தால் போதாது. ஊர்ப் பொதுவாழ்வின் குறுக்கே ஓடிக் கலந்தால்தான் துணி நெய்யப்படும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் தவறாமல் போகிறோம்? வார்டு தேர்தலில் நம் இளைஞர் ஒருவர் நின்றால், நம்மவர் என்பதற்காக மட்டும் ஆதரிக்கிறோமா, எல்லோருக்கும் உழைப்பார் என்பதற்காக ஆதரிக்கிறோமா? குடிநீருக்கும் சாலைக்கும் மனுக் கொடுக்கும்போது நம் தெருவை மட்டும் எழுதுகிறோமா, அடுத்த தெருவையும் சேர்த்து எழுதுகிறோமா? இக்கேள்விகளை ஜூபிலி ஆண்டில் நமக்கு நாமே கேட்டுக்கொள்வது நன்று. கிறிஸ்தவர் வாக்கால் சபைக்குச் சென்று எல்லா மக்களுக்குமாகப் பேசியவரின் வரலாறு அதற்கு நம்மைத் தூண்டட்டும்.

ஆண்டுதோறும் நவம்பர் 2 ஆம் நாள் நாம் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று நம் முன்னோர் கல்லறைகளில் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். சர் பன்னீர்செல்வத்துக்கு அப்படி ஒரு கல்லறை எந்தக் கோவில் வளாகத்திலும் இல்லை. ஓமன் வளைகுடாவின் ஆழமே அவர் துயிலும் இடம். இவ்வாண்டு நாம் ஏற்றும் மெழுகுவர்த்திகளில் ஒன்றை அவர் பெயரால் ஏற்றி, அவர் ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடைய ஒரு செபம் சொல்வோமாக.